மோன ஆசிரியர் இரமண மகரிஷி

உலகத்துப் பேராசிரியர் பெரும்பாலார் சொல்லால் கற்பித்தோரே ஆவர். ஏதென்ஸ் நகரத்துச் சந்தைவெளியில் நின்று சாக்ரட்டீஸ் வினாமேல் வினாத் தொடுத்தார். புத்தர்பிரான் கங்கைநாட்டு ஊர்தோறும் நடந்து அறமுரைத்தார். நம் ஆண்டவராகிய இயேசு பெருமான் கலிலேயாக் கடலோரத்தே படகில் அமர்ந்து உவமைகளால் உபதேசித்தருளினார். ஆயினும் நம் நாட்டு இந்து சமயத்தார், சொல்லினும் உயர்ந்ததொரு போதனை உண்டென்றும், அது மௌனமே என்றும் தொன்றுதொட்டுப் போற்றி வருகின்றனர். சிவாலயங்களின் தென்புறக் கோட்டத்திலே, கல்லால மரத்தின் கீழ், சின்முத்திரை தாங்கிய கையினராய் வீற்றிருக்கும் தட்சிணாமூர்த்தியின் திருவுருவம் அக்கொள்கையின் வடிவமேயாம். சனகர் முதலிய முனிவர் நால்வர் எதிரே அமர்ந்திருக்க, அவர்களினும் இளையராகிய குரு யாதொன்றும் உரையாமலே அவர்தம் ஐயங்களைத் தீர்த்தார் என்பது புராணம்.

கல்லில் வடித்த இக்கொள்கையைத் தம் வாழ்க்கையில் வடித்துக் காட்டியவர் திருவண்ணாமலை இரமண மகரிஷி. அவருடைய சரிதத்தைச் சுருக்கமாகக் கூறுவதே யாம் மேற்கொண்ட பணி. சென்னையின் வடகோடியில், துறைமுகத்துப் பாரந்தூக்கிகளின் ஓசைக்கும், ஆலைச் சங்கின் ஊதலுக்கும், எண்ணூர் நெடுஞ்சாலையில் இரவும் பகலும் உருளும் கொள்கலன் லாரிகளின் இரைச்சலுக்கும் இடையே வாழும் நமக்கு, மௌனத்தைப் பற்றிய பேச்சு எட்டாத பொருளாகத் தோன்றலாம். ஆனால் அம்முனிவரின் சரிதத்திலே வியத்தகு நிகழ்ச்சியொன்று நம் திருவொற்றியூரோடு பிணைந்துள்ளது. அதனைப் பின்னர் உரிய இடத்திற் கூறுவோம்.

பிறப்பும் கல்வியும்

இந்நாளில் விருதுநகர் மாவட்டத்தைச் சார்ந்ததாய், சுந்தரமூர்த்தி நாயனாரின் பாடல் பெற்ற தலமாய் விளங்கும் திருச்சுழியில், 1879 ஆம் ஆண்டு டிசம்பர் 30 ஆம் நாள், ஆருத்திரா தரிசனத் திருநாளன்று இவர் பிறந்தார். தந்தையார் அவ்வூரில் வழக்குரைத்து வந்த சுந்தரமையர், தாயார் அழகம்மாள். பெற்றோர் இட்ட பெயர் வேங்கடராமன். 1892 இல் தந்தையார் இறக்கவே, வேங்கடராமனும் தமையனார் நாகசுவாமியும் மதுரையில் சிற்றப்பன் இல்லத்தில் வளர்ந்தனர்.

மதுரையில் அவர் பயின்றது முதலில் ஸ்காட் நடுநிலைப் பள்ளியிலும், பின்னர் அமெரிக்கன் மிஷன் உயர்நிலைப் பள்ளியிலுமாம். மிஷன் கல்லூரி மாணவராகிய நமக்கு இச்செய்தி மகிழ்ச்சி தருவதே. ஆயினும் அவர் சிறந்த மாணவராய் விளங்கினாரல்லர். நினைவாற்றல் மிகுதியாக இருந்தும் பாடங்களில் ஊக்கங்கொண்டிலர். பந்தாட்டமும் மற்போரும் நீச்சலுமே அவருக்கு உவப்பாயின. அவருடைய உறக்கமோ பெயர் பெற்றது. விழித்திருக்கும்போது அவரை எதிர்க்க அஞ்சிய சிறுவர், அவர் உறங்குங்கால் தூக்கிச் சென்று அடித்துத் திரும்பக் கிடத்துவராம். அவர் ஒன்றும் அறியாராம்.

1895 ஆம் ஆண்டின் இறுதியில் உறவினர் ஒருவர் வாயிலாக அருணாசலம் என்பது திருவண்ணாமலையே என்று அறிந்தார். அது முன்னரே அவர் நெஞ்சில் ஒலித்துக்கொண்டிருந்த பெயர். ஆனால் மண்ணுலகில் சென்றடையக்கூடிய ஓர் ஊரென்று அவர் எண்ணியதில்லை. அதன்பின் பெரியபுராணம் அவர் கைக்குக் கிடைத்தது. பாடநூல்களுக்குப் புறம்பாக அவர் பயின்ற முதற் சமயநூல் அதுவே. திருவொற்றியூரில் கலியநாயனார் விளக்கெரித்த தொண்டும், சுந்தரர் சங்கிலியாரை மணந்த செய்தியும் அந்நூலில் உள்ளன. ஆகவே நம் ஊரின் பெயர் அவ்விளைஞர் உள்ளத்தில் அன்றே பதிந்திருத்தல் கூடும்.

மரண அனுபவம்

1896 ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் ஒருநாள், சிற்றப்பன் வீட்டு மாடியறையில் தனித்திருந்தபோது, நோயொன்றும் இல்லாதிருக்கவே, தாம் இறக்கப் போவதாகிய பேரச்சம் திடீரென அவரைப் பற்றியது. வயது பதினாறு. வேறொரு சிறுவனாயின் அலறிக்கொண்டு ஓடியிருப்பான். இவரோ ஒருவரையும் அழையாது தரையிற் படுத்துக் கைகால்களை விறைப்பாக நீட்டி, மூச்சை அடக்கி, உதடுகளை இறுக மூடிக்கொண்டார். இவ்வுடல் இறந்தது, இதனைச் சுடுகாட்டில் எரித்துவிடுவர், ஆயினும் நான் என்னும் உணர்வு அழிந்ததோ என்று தம்முள் ஆராய்ந்தார். உடல் அழியினும் அழியாத ஒன்றே தாம் எனும் தெளிவு அவருக்கு அக்கணமே உண்டாயிற்று. அச்சமும் அன்றோடு அகன்றது. ஆசிரியர் ஒருவரும் இல்லை. உபதேசம் ஒரு சொல்லும் இல்லை. அவர் பெற்ற முதற் பாடமே மௌனத்தில் பெற்ற பாடமாயிற்று.

அதன்பின் அவர் பள்ளிப் பாடங்களில் சிரத்தை முற்றும் இழந்தார். ஆகஸ்டு 29 ஆம் நாள், ஆங்கில இலக்கணப் பாடமொன்றை மும்முறை எழுதும் தண்டனை ஏற்று எழுதிக்கொண்டிருந்தவர், இடையே அதனை ஒதுக்கிவிட்டுக் கண்மூடி அமர்ந்தார். அது கண்ட தமையனார், இங்ஙனம் இருப்பவனுக்கு இல்லமும் படிப்பும் எதற்கு என்று கடிந்துரைத்தார். அச்சொல்லை வசையாகக் கொள்ளாது வழிகாட்டியாகவே கொண்டார் வேங்கடராமன். தமையனாரின் கல்லூரிச் சம்பளத்திற்கென வைத்திருந்த ஐந்து ரூபாயில் மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, எஞ்சிய இரண்டையும், தம் தந்தையைத் தேடிச் செல்வதாகவும் தம்மைத் தேட வேண்டாவெனவும் தெரிவிக்கும் சிறு கடிதத்தையும் வைத்துவிட்டுப் புறப்பட்டார். அக்கடிதத்தில் கையொப்பமில்லை.

பழைய தேசப்படம் ஒன்றை நம்பித் திண்டிவனத்திற்கு இரண்டு ரூபாய் பதின்மூன்று அணாவுக்குச் சீட்டு வாங்கினார். விழுப்புரத்தில் இறங்கி வண்டி மாறவேண்டும் என்று உடன் வந்த மௌல்வி ஒருவர் தெரிவித்தார். கைப்பொருள் தீரவே நடந்தும், கோயில்களில் தங்கியும், கீழூரில் தம் காதுக் கடுக்கன்களை நான்கு ரூபாய்க்கு அடகு வைத்தும், செப்டம்பர் முதல் நாள் திருவண்ணாமலை சேர்ந்தார். அன்று தொட்டு ஏறத்தாழ ஐம்பத்து நான்கு ஆண்டு அவ்வூரை விட்டு அவர் அகன்றதேயில்லை.

பேசா நாட்கள்

திருக்கோயிலின் ஆயிரக்கால் மண்டபத்தில் அமர்ந்த இளைஞரைச் சிறுவர் கல்லெறிந்து துன்புறுத்தினர். அதனின்றும் ஒதுங்கி, நிலத்தடியிலுள்ள பாதாள லிங்கக் குகையுட் புகுந்தார். பகலவன் ஒளி புகாத அவ்விடத்தில் பூச்சிகளும் எறும்புகளும் தொடைகளை அரித்துப் புண்ணாக்கியதையும் உணராதிருந்தார். சேஷாத்திரி சுவாமிகள் அவரைக் காக்க முயன்றார்; பின்னர் அன்பர் சிலர் அவரைத் தூக்கி வெளியே கொணர்ந்தனர். குருமூர்த்தத்திலும், மாந்தோப்பிலும், பவழக்குன்றிலும் அவர் வாழ்ந்த நாட்களில் பேச்சு அறவே இல்லை. மௌன விரதம் பூண்டாரோ எனின், இல்லை. பேசவேண்டிய தேவை ஒன்றும் தமக்குத் தோன்றவில்லை, அதனாலேயே பேசவில்லை என்று அவரே பிற்காலத்து விளக்கியுள்ளார்.

அன்னையின் கண்ணீர்

இவ்வளவும் வியப்புக்குரியனவே. ஆனால் மௌனத்திற்கு விலை ஒன்று உண்டு. அதனை அவர் மட்டும் செலுத்தவில்லை. அழகம்மாள் இரண்டாண்டுக் காலம் மகனைத் தேடி அழுதார். இருக்குமிடம் தெரிந்ததும், 1898 ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் விடுமுறையில் மூத்த மகனோடு திருவண்ணாமலைக்கு வந்தார். பவழக்குன்றில், சடைபிடித்த தலையும் அழுக்கேறிய உடலும் வளர்ந்த நகங்களுமாகத் தம் மகனைக் கண்டார். நாள்தோறும் தின்பண்டங்கள் கொண்டுவந்து, வீடு திரும்பும்படி மன்றாடினார். மகனோ வாய் திறந்தாரல்லர். முகக்குறியாலும் ஒன்றும் காட்டினாரல்லர். சூழ நின்றோர் மனம் பொறாது, ஒரு விடையாவது தரும்படி அவரை வேண்டி, தாளும் எழுதுகோலும் கொடுத்தனர். வினைக்கேற்ப இறைவன் நடத்துவான், நடவாதது என் முயலினும் நடவாது, நடப்பது என் தடுப்பினும் நில்லாது, ஆதலின் மௌனமாயிருத்தலே நன்று என்னும் கருத்துப்பட அவர் எழுதிக் கொடுத்தார். அன்னை வெறுங்கையராய்த் திரும்பினார்.

இப்பகுதியைப் பயில்வோர் எவரும் உள்ளம் கலங்காதிரார். பெற்ற தாயின் கண்ணீர்க்கு ஒரு சொல்லும் ஈயாத மௌனம் ஞானமோ, கல்நெஞ்சமோ என்னும் வினா எழுதல் இயல்பு. தாய்தந்தையரைக் கனம்பண்ணுதல் நம் வேதத்தின் பத்துக் கற்பனைகளுள் ஒன்று. பட்டினத்தடிகளும் முற்றத் துறந்தும் தம் அன்னைக்கு இறுதிக்கடன் ஆற்றத் தவறினாரல்லர் என்பது தமிழகம் அறிந்த வரலாறு. அவ்வடிகள் அடங்கிய இடம் நம் திருவொற்றியூர்க் கடற்கரையிலேயே உள்ளது. ஆகவே இவ்வினாவை மூடி மறைத்துப் புகழ்மாலை சூட்டுதல் யாம் விரும்புவதன்று. விடையை அவருடைய பின்வாழ்விலேயே தேடுவோம்.

1900 இல் மூத்த மகனை அன்னை இழந்தார். 1914 இல் திருவண்ணாமலைக்கு வந்தபோது கொடிய காய்ச்சலால் பல நாள் கிடந்தார். அப்போது மகனே அருகிருந்து பணிவிடை செய்ததோடு, அன்னையின் நோய் நீங்கவேண்டி அருணாசலப் பெருமானை நோக்கிச் செய்யுளும் இயற்றினார். ஊழை மாற்ற ஒண்ணாதென்று எழுதிய அதே கை, அன்னைக்காக வேண்டுதல் எழுதியதைக் கருதுக. 1916 இல் அன்னை நிலையாகவே வந்து சேர்ந்தார். கந்தாசிரமத்தில் அடியார்க்குச் சமைத்திட்டு, மகனையே குருவாகக் கொண்டு ஆறாண்டு வாழ்ந்தார். 1922 மே 19 ஆம் நாள் அவருடைய இறுதி நாளாயிற்று. அன்று காலைமுதல் இரவுவரை மகரிஷி அன்னையின் மார்பில் ஒரு கையும் தலையில் ஒரு கையும் வைத்து அசையாது அமர்ந்திருந்தார். அப்போதும் பேச்சில்லை. இருபத்து நான்கு ஆண்டுகட்குமுன் அன்னையை வாட்டிய அம்மௌனமே, அன்று அன்னையைத் தாங்கும் கையாயிற்று. முன்னைய கண்ணீரை இது முற்றும் துடைத்ததோ என்று துணிந்து கூற யாம் வல்லேமல்லேம். ஆனால் அம்மௌனம் அன்பற்ற மௌனமன்று என்பதை இந்நாள் ஐயமற நிறுவுகின்றது. அன்னையின் சமாதியருகிலேயே, மலையடிவாரத்தில், இரமணாசிரமம் எழுந்தது.

திருவொற்றியூர்த் தொடர்பு

1899 முதல் 1916 வரை விரூபாட்சக் குகையில் அவர் உறைந்த காலத்து, 1907 நவம்பர் 18 ஆம் நாள், காவியகண்ட கணபதி சாஸ்திரியார் என்னும் வடமொழிப் பெரும்புலவர் நண்பகல் வெயிலில் மலையேறி வந்தார். நினைத்தவுடன் கவி பாடும் ஆற்றலால் நவத்வீபத்துப் புலவரவையில் காவியகண்டர் என்னும் பட்டம் பெற்றவர் அவர்; நூல்கள் பல கற்றவர்; மந்திரங்கள் கோடிக்கணக்கில் செபித்தவர். ஆயினும் தவம் என்பது யாதென்று விளங்கவில்லை என்று இளைஞராகிய முனிவரின் அடிகளில் வீழ்ந்து வேண்டினார். முனிவர் கால்மணி நேரம் அவரை நோக்கியபடி வாளா இருந்தார். பின்னரே, நான் என்னும் எண்ணம் எங்கிருந்து எழுகின்றதெனக் கவனித்தால் மனம் ஆண்டு ஒடுங்கும், அதுவே தவம் என்றும், மந்திரத்தின் ஒலி எழுமிடத்தைக் கவனிப்பினும் அஃதேயாம் என்றும் சில சொற்களில் கூறினார். பகவான் இரமண மகரிஷி என்னும் பெயரை உலகிற்கு வழங்கியவர் இச்சாஸ்திரியாரே.

அடுத்த ஆண்டளவில் சாஸ்திரியார் நம் திருவொற்றியூருக்கு வந்து, ஆங்குள்ள கணபதி கோயிலொன்றில் தவம் இயற்றினார். ஒருநாள் உள்ளம் தடுமாறி, குருவின் துணையை மிகவும் விழைந்தார். அவ்வேளையில் மகரிஷியே உள்ளே வந்ததாகவும், தாம் வணங்கி எழுகையில் அவர் கை தம் தலைமேல் படிந்ததாகவும் கண்டார். மகரிஷியோ மலையை விட்டு அகலாதவர். திருவொற்றியூரை ஒருநாளும் கண்டறியாதவர். பல ஆண்டுகள் கழித்து, ஒருநாள் குகையில் விழித்தபடியே படுத்திருந்தபோது தம் உடல் மேலெழுந்ததுபோல் உணர்ந்ததாகவும், பின்னர் இறங்கிய இடம் திருவொற்றியூர் என்னும் எண்ணம் தோன்றியதாகவும், நெடுஞ்சாலை வழியே நடந்து, சற்று ஒதுங்கியிருந்த கணபதி கோயிலுட் புகுந்ததாகவும், பின்னர்த் திடீரென்று குகையிலேயே தம்மைக் கண்டதாகவும் மகரிஷி கூறினார். அவர் கூறிய கோயிலின் அமைப்பு தாம் தவமிருந்த கோயிலுக்கு ஒத்திருந்ததாகச் சாஸ்திரியார் கண்டார்.

இதனை அற்புதமென்று நம்புவோரும் உளர். மனத்தின் தோற்றமென்று கொள்வோரும் உளர். தீர்ப்பளிப்பது எம் பணியன்று. இவ்வளவு மட்டும் கூறுவோம்: ஆயிரக்கணக்கான செய்யுள்களை நாவில் வைத்திருந்த புலவர் ஒருவர், இடர்ப்பட்ட நேரத்தில் நாடியது வேறொரு செய்யுளையன்று, தலைமேல் வைக்கும் ஒரு கையையே. பெற்றதாக அவர் நம்பியதும் சொல்லன்று.

மௌனம் கற்பித்தவாறு

பிற்காலத்தில் மகரிஷி பேசலானார். வினவியவர்க்கு நகைச்சுவையோடும் விடை கூறினார். விடியுமுன் எழுந்து அடுக்களையில் காய்கறி நறுக்கினார். ஆயினும் சொல்லை இரண்டாம் படியாகவே கொண்டார். மௌனம் ஓயாத பேச்சென்றும், வாய்ப்பேச்சு அதற்கு இடையூறென்றும் அவர் விளக்குவார். மின்விசை கம்பியுள் ஓடும்போது புலப்படுவதில்லை. தடையுற்ற இடத்திலேயே விளக்காய் ஒளிர்கின்றது, விசிறியாய்ச் சுழல்கின்றது. மௌனமும் சொல்லும் அத்தகையன என்பது அவர் காட்டிய உவமை. அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தினின்று நம் தலைக்குமேல் செல்லும் கம்பிகளைக் காணுந்தோறும் இவ்வுவமை நம் நினைவுக்கு வரத்தக்கது.

தமிழ் மாணவர்க்கு இனிக்கும் கதையொன்றையும் அவர் கூறுவதுண்டு. தத்துவராயர் தம் குருவாகிய சொரூபானந்தர்மீது பரணி பாடினார். போரில் ஆயிரம் யானையை வென்ற வீரனுக்கன்றோ பரணி உரியது, துறவிக்கு எங்ஙனம் பொருந்தும் என்று புலவர் தடுத்தனர். தத்துவராயர் விடை கூறாது அவர்களைக் குருவிடம் அழைத்துச் சென்றார். குரு ஒன்றும் பேசாதிருந்தார். எதிரே அமர்ந்த புலவர்தம் மனமும் எண்ணமற்று ஒடுங்கியது. நாட்கள் சில கழிந்தும் எவருக்கும் வாதிடத் தோன்றவில்லை. பின்னர்க் குரு தம் நிலையைச் சிறிது தளர்த்தவே, அனைவரும் விழித்தெழுந்து, ஆயிரம் யானையைக் கொல்லுதலினும் எம் போன்றோர் மனமாகிய மதயானைகளை அடக்குதலே பெருவீரம் என்று உடன்பட்டனராம்.

அவருடைய கூடத்திலும் இத்தகையன நிகழ்ந்தன. 1931 இல் வந்த ஆங்கில எழுத்தாளர் பால் பிரண்டன், கேட்கவேண்டிய வினாக்களை வரிசைப்படுத்தி வைத்துக்கொண்டு எதிரே அமர்ந்தார். மகரிஷி திரும்பியும் நோக்கவில்லை. நேரம் செல்லச் செல்ல, வினாக்களுக்கு விடை வரவில்லை. வினாக்களே ஒவ்வொன்றாய் உதிர்ந்தன என்று அவர் பின்னர் எழுதினார். அவருடைய நூல் 1934 இல் வெளிவந்தபின் மேனாட்டார் பலர் திருவண்ணாமலையை நாடினர். கிறிஸ்தவர் வரும்போது, இறைவனை அறிய அமைதியாய் அமர்ந்திருக்கக் கட்டளையிடும் நாற்பத்தாறாம் சங்கீதத்தை மகரிஷி எடுத்துக்காட்டுவார். அச்சங்கீதத்தை நாம் ஆலயத்தில் எத்தனையோ முறை உரக்கப் படித்திருக்கின்றோம்; அமர்ந்திருந்தோமா என்பது வேறு வினா.

தமிழ்ப் பணி

மௌனியாகிய இவர் தமிழுக்கு நூல்கள் தந்தார் என்பது வியப்பன்றோ! 1902 இல் சிவப்பிரகாசம் பிள்ளை கேட்ட வினாக்களுக்கு மணலிலும் பலகையிலும் தாளிலும் எழுதிக் காட்டிய விடைகளே 1923 இல் நான் யார் என்னும் உரைநடை நூலாயின. பிச்சைக்குச் செல்லும் அடியார் பாடுதற்கென அருணாசல அட்சரமணமாலையை 108 கண்ணிகளால் பாடினார். முருகனார் வேண்டியபடி 1927 இல் உபதேச உந்தியாரையும், 1928 இல் வெண்பாவாலாகிய உள்ளது நாற்பதையும் இயற்றினார். பெரும்பாலும் தாமாக எழுத முற்பட்டாரல்லர். பிறர் வேண்டியபோதே பெரும்பாலும் எழுதினார். சொற்சுருக்கத்தில் அவை சிறந்து நிற்றலுக்கு இதுவே காரணம் போலும். வேண்டாத சொல்லைப் பேசாதவர் வேண்டாத சொல்லை எழுதவும் மாட்டாரன்றோ!

இறுதி

1924 இல் ஆசிரமத்தில் புகுந்த திருடர் அவரைத் தொடையில் அடித்தபோதும், எதிர்த்தடிக்க எழுந்த அன்பர்களைத் தடுத்துவிட்டார். இடக்கையில் தோன்றிய கட்டி 1949 இல் புற்றுநோயாய் முதிர்ந்தது. அறுவைச் சிகிச்சை நான்கு முறை நடந்தது. கையையே நீக்கிவிடும் யோசனைக்கு அவர் உடன்படவில்லை. துன்பத்தின் நடுவிலும் தரிசனத்திற்கு வருவோரைத் தடுத்தல் கூடாதென்று ஆணையிட்டார். 1950 ஏப்ரல் 14 ஆம் நாள் இரவு 8 மணி 47 நிமிடத்திற்கு, அன்பர் அருணாசலத் துதியைப் பாடிக்கொண்டிருக்க, அவர் மூச்சு அமைதியாக நின்றது. அவ்வேளையில் பேரொளி ஒன்று வானில் மெல்ல ஊர்ந்து மலைப்பக்கம் மறைந்ததாக, அங்கிருந்த பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் கார்ட்டியர் பிரெஸ்ஸன் உள்ளிட்டோர் கூறினர்.

முடிவுரை

நண்பர்காள்! எல்லா மௌனமும் ஞானமன்று. எளியவன் ஒடுக்கப்படும்போது வாய்மூடி நிற்றல் கோழைமை. தீர்க்கதரிசிகளை ஆண்டவர் பேசும்படியே அனுப்பினார். இரமணரின் வாழ்வு நமக்கு உணர்த்துவது வேறு. பேசுவோன் உள்ளத்தில் அமைதி இல்லையேல் அவன் பேச்சு வெற்றோசையே. உள்ளத்தில் அமைதியும் அன்பும் நிறைந்தவனோ பேசாவிடினும் பிறர்க்கு ஆசிரியனாவான். நம் பெருமானும் உவமைகளைக் கூறுமுன்னர் வனாந்தரத்தில் நாற்பது நாள் தனித்திருந்தார். பிலாத்துவின் முன்னர்க் குற்றச்சாட்டுகளுக்கு மறுமொழி கூறாது நின்றார். சொல்லையே தொழிலாகக் கொள்ளவிருக்கும் தமிழ் மாணவராகிய நாம், சொல் பிறக்கும் இடத்தையும் அறிதல் வேண்டும். துறைமுகத்து ஓசையை நிறுத்துதல் நம்மால் இயலாது. நாளில் கால்மணி நேரம் நம் நாவை நிறுத்துதல் இயலும். திருவண்ணாமலைக் குகையில் அன்றொருநாள் ஒரு பெரும்புலவர் காத்திருந்தது அவ்வளவு நேரமே.